குடிபோதையில் ஓட்டியவர் பறித்த உயிர்: குடும்பத்தினர் சட்டப்படி செய்யக்கூடியவை

மது அருந்திவிட்டு ஓட்டப்பட்ட வாகனம் மோதி, சாலையில் நடந்து சென்ற உறவினரை இழந்த குடும்பங்களின் கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழின் சட்டக் கேள்வி–பதில் பகுதியில் சேர்ந்தாற்போல் பதில் அளிக்கப்படுகிறது. எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 42. கடந்த மாதம் இரவு வேலை முடிந்து சாலையோரமாக நடந்து வந்தபோது கார் மோதி இறந்துவிட்டார். ஓட்டியவர் நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருந்ததை ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் குடிபோதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாளே அவர் ஜாமீனில் வந்துவிட்டார். இப்போது அவர் தரப்பில் சிலர் வந்து, "3 லட்ச ரூபாய் தருகிறோம், வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் என் பொறுப்பில் இருக்கிறார்கள். நான் என்ன செய்வது? — ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும், அது வெற்று முத்திரைத்தாளாக இருந்தாலும் 'பணம் பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வரி ரசீதாக இருந்தாலும், கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டாம். உங்கள் கணவரின் மரணத்திலிருந்து இரண்டு தனித்தனி வழக்குகள் எழுகின்றன. காரை ஓட்டியவர் மீது அரசு நடத்தும் குற்ற வழக்கு ஒன்று. இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள் தொடுக்கும் மனு மற்றொன்று. ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். சட்டத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஆகவே நீங்கள் எழுதிக் கொடுப்பதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. ஆனால் அந்தத் தாள் சாட்சிகளைப் பின்வாங்கச் செய்யவும், குற்ற வழக்கை ரத்துச் செய்யக் கோரி உயர் நீதிமன்றம் செல்லவும், தீர்ப்பாயத்தில் 'இவர் ஏற்கெனவே முழுத் தொகையையும் பெற்றுவிட்டார்' என்று வாதிடவும் பயன்படும். பஞ்சாபில் இருவர் இறந்த ஒரு விபத்து வழக்கில், குடும்பத்துக்கு 85,000 ரூபாய் கொடுக்கப்பட்டதைக் காரணம் காட்டி, ஓராண்டுச் சிறைத் தண்டனையை ஏற்கெனவே சிறையில் கழித்த 24 நாட்களாக உயர் நீதிமன்றம் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, தண்டனையை ஆறு மாதமாக்கியது. பணம் கொடுத்ததைத் தண்டனைக்கு ஈடாகக் கருத முடியாது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

அவர்கள் தருவதாகச் சொல்லும் 3 லட்சத்தை, சட்டப்படி உங்களுக்கு வரக்கூடியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்லா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்குமுறையைத்தான் எல்லாத் தீர்ப்பாயங்களும் பின்பற்றுகின்றன. உங்கள் கணவரின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். நிரந்தர வேலையில் இல்லாத, 40 முதல் 50 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பதால் அது 22,500 ஆகிறது. அவரை நம்பி நான்கு பேர் இருப்பதால், அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 16,875, ஆண்டுக்கு 2,02,500. 41 முதல் 45 வயது வரையிலான ஒருவருக்குரிய பெருக்கு எண் (ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண்) 14. ஆக, வருமான இழப்பு மட்டும் 28,35,000 ரூபாய். இதனுடன் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகிய ஒவ்வொருவரும் இழந்த உறவுக்கும் அரவணைப்புக்குமான தொகை சேரும். 2017-இல் 40,000 ஆக இருந்த அந்தத் தொகை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர வேண்டும் என்ற விதிப்படி 2023-இல் 48,400 ஆகியிருக்கிறது. இறுதிச் சடங்குச் செலவும் சொத்திழப்புத் தொகையும் தனி. எல்லாம் சேர்த்தால் 30 லட்சத்தைத் தாண்டும். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. வருமானத்துக்கு ஆவணம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஊகமாகக் குறைத்து எடுக்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே அவருக்கு வேலை கொடுத்த மேஸ்திரி, ஒப்பந்ததாரர், வீடு கட்டிய உரிமையாளர் ஆகியோரைச் சாட்சி சொல்லும்படி இப்போதே கேட்டு வையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வாரியத்தின் விபத்து மரண உதவித்தொகைக்குத் தனியே விண்ணப்பிக்கவும் அது பயன்படும். அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தில் அவர் சேர்ந்திருந்தாரா என்றும் கிளையில் கேளுங்கள். சேர்ந்திருந்தால் 2 லட்ச ரூபாய் உண்டு.

இனிக் குற்ற வழக்குக்கு வருகிறேன். உங்கள் மனம் மிகவும் புண்பட்டிருப்பது இந்த இடத்தில்தான் என்பதைக் கடிதம் காட்டுகிறது. அது நியாயமான வேதனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அது இரண்டாண்டாக இருந்தது. இது ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால்தான் அவர் மறுநாளே வெளியே வந்தார். ஆனால் 105-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே ஒரு செயலைச் செய்து உயிர்போகக் காரணமானவருக்கு அது பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. ஜாமீன் எளிதல்ல, விசாரணையும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடக்கும். பழைய சட்டத்தில் இதுவே 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி.

மும்பை பாந்த்ராவில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த ஏழு தொழிலாளர்களைக் கார் ஏற்றிக் கொன்ற வழக்கில், ஓட்டியவரின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 112 மில்லி கிராம் மது இருந்தது. சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லி கிராம். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவு என்று மட்டும் கருதியதை மும்பை உயர் நீதிமன்றம் மாற்றி, 304-இன் இரண்டாம் பகுதியின் கீழ் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோடு, மூன்றாண்டு என்பதே போதாது என்றும், அரசு மேல்முறையீடு செய்யாததால் உயர்த்த இயலவில்லை என்றும் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், 1999-இல் தில்லியில் ஆறு பேர் இறந்த கார் வழக்கிலும் குற்றத்தை 304-இன் இரண்டாம் பகுதிக்கு மாற்றியது. குடித்திருந்தார் என்பதாலேயே ஒவ்வொரு வழக்கும் தானாக 105-க்குள் வந்துவிடாது; வேகம், இடம், போதையின் அளவு, மோதிய பிறகு அவர் நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் நீதிமன்றம் சேர்த்துப் பார்க்கும்.

ஆகவே உங்கள் முதல் கேள்வி, காரை ஓட்டியவருடைய இரத்த மாதிரி எடுக்கப்பட்டதா என்பதாக இருக்கட்டும். மது அருந்திவிட்டு ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின் கீழான குற்றத்தை நிரூபிக்க மூச்சுக் கருவிச் சோதனையோ ஆய்வகச் சோதனையோ தேவை. சில மணி நேரத்தில் உடலிலிருந்து மது வெளியேறிவிடும் என்பதால் அன்றிரவு எடுக்காத மாதிரியை இனி எடுத்துப் பயனில்லை. எடுத்திருந்தால் எந்த மருத்துவமனையில், எத்தனை மணிக்கு, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களை எழுத்துமூலம் கேளுங்கள். 2024 மே மாதம் புனேயில் நடந்த சொகுசு கார் வழக்கில் இரத்த மாதிரியே மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டில் மருத்துவர்கள் கைதானதை நாடே பார்த்தது. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். மாதிரி எடுக்கப்படவில்லை என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தால் விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதிய குறிப்பு, அவர் குடித்த இடத்தின் ரசீது, கைபேசி வழியே செலுத்திய பணத்தின் பதிவு, சாலையோரக் கடைகளின் சிசிடிவி காட்சி, நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் ஆகியவை சேர்ந்து வலுவான சான்றாகலாம். மது வாசனை வீசியது என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பி வழக்கு நிற்காது. சிசிடிவி காட்சிகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாமாக அழிந்துவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு இன்றே பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள்.

அந்த மனுவில், ஓட்டியவர் குடித்திருந்ததைப் பார்த்தவர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, அவர்களை விசாரிக்கவும் 105-ஆம் பிரிவைச் சேர்க்கவும் கோருங்கள். காவல் துறை அசையாவிட்டால், குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் குற்றவியல் நடுவரிடம் செல்லலாம். விசாரணை முறையாக நடக்கவில்லை என்றால் நடுவர் தலையிட்டுக் கண்காணிக்கலாம் என்று 2007-இலேயே சாகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகும் மேல் விசாரணை கேட்கலாம். தீர்ப்பு வரும்வரை எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டை மாற்றியமைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தின் பார்வையில் இறந்தவரின் வாரிசான நீங்களும் 'பாதிக்கப்பட்டவர்'. விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் காவல் துறை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை அமர்த்த நீதிமன்ற அனுமதி கேட்கலாம். காரை ஓட்டியவர் விடுதலையானாலோ, குறைந்த குற்றத்தில் மட்டும் தண்டிக்கப்பட்டாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் போதாது என்பதற்காக மட்டும் உங்களால் மேல்முறையீடு செய்ய முடியாது. அந்த உரிமை அரசுக்குத்தான் இருக்கிறது. இது மாற வேண்டிய சட்டம் என்பது என் கருத்து.

கேள்வி: என் தந்தை மீது மோதிய வேனின் ஓட்டுநர் குடித்திருந்தது இரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. ஆனால் அதையே காரணமாகக் காட்டி, 'குடித்துவிட்டு ஓட்டியது பாலிசி நிபந்தனை மீறல், நாங்கள் பணம் தர வேண்டியதில்லை' என்று காப்பீட்டு நிறுவனம் பதில் மனு போட்டிருக்கிறது. வேன் உரிமையாளரிடம் சொத்து எதுவும் இல்லை. உண்மை வெளியே வந்ததே எங்களுக்கு எதிராகிவிடுமா? — ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது. தன் வாகனத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்காக உரிமையாளர் கேட்கும் காப்பீட்டுத் தொகையும், அந்த வாகனத்தால் உயிரிழந்த மூன்றாம் நபரின் குடும்பம் கேட்கும் இழப்பீடும் முற்றிலும் வேறானவை. முதல் வகையில் குடிபோதையைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாலையில் நடந்து சென்ற உங்கள் தந்தைக்கும் அந்தப் பாலிசி நிபந்தனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்ல.

இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-இல் கொண்டுவரப்பட்டு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதம் செய்வதற்கான காரணங்களில் மது அருந்திவிட்டு ஓட்டியதும் 150-ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முன்பு அது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் நிறுவனங்கள் இந்த வாதத்தை இப்போது இன்னும் அழுத்தமாக வைக்கின்றன. ஆனால் நிபந்தனை மீறப்பட்டது நிரூபணமானாலும் மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்திவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடலாம் என்ற கொள்கையை 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியது. நீதிமன்றங்களில் இதை 'பே அண்ட் ரெகவர்' என்றே சொல்வார்கள். பழைய சட்டத்தின் கீழான ஒரு குடிபோதை விபத்தில் 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் இவ்வாறே உத்தரவிட்டது. உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் பாடு நிறுவனத்தைச் சேர வேண்டும், தந்தையை இழந்த குடும்பத்தின் தலையில் அதைக் கட்டக்கூடாது என்பதே இதன் அடிப்படை.

உங்கள் வழக்கறிஞரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். நிபந்தனை மீறல் நடந்ததையும், அதில் உரிமையாளரின் பங்கையும் நிரூபிக்கும் சுமை காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தது என்று வாதிட வேண்டும். அத்துடன், நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயம் கருதும் பட்சத்தில்கூட முதலில் செலுத்தி வசூலிக்கும்படி உத்தரவிட வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையும் மனுவிலேயே இடம்பெற வேண்டும். தீர்ப்பாயம் நிறுவனத்தை முழுவதும் விடுவித்துவிட்டால், 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கை குற்ற வழக்கின் உயிர்நாடி. இழப்பீட்டுக்கு அஞ்சி அதை வலியுறுத்தாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: காலையில் பால் வாங்கச் சென்ற என் மனைவி (36) கார் மோதி இறந்துவிட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி வீட்டுக்கு வந்து, 'உங்கள் மனைவிக்கு வருமானம் இல்லை, 5 லட்சம்தான் அதிகபட்சம், உடனே வாங்கிக்கொள்ளலாம்' என்றார். வாங்கிக்கொள்ளலாமா? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட வேண்டாம் ஐயா. அந்த அதிகாரி சொல்லும் 5 லட்சம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின் கீழ் வருவது. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் நிலையான தொகை அது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின் கீழ் முழு இழப்பீடு கேட்கும் உங்கள் மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. ஓட்டியவரின் தவறு இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது 164-ஐ நாட வேண்டிய தேவையே இல்லை.

வருமானம் இல்லை என்ற பேச்சையும் ஏற்க வேண்டாம். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பெரியவர்களைப் பார்த்துக்கொண்டு, குடும்பத்தின் கணக்கு வழக்கைச் சுமந்த ஒரு பெண்ணின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இலும், இன்னும் விரிவாக 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கிலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. இல்லத்தரசிக்கு ஊக வருமானம் நிர்ணயிப்பதோடு, அதற்கு எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. 36 முதல் 40 வயது வரை பெருக்கு எண் 15. தையல், மாடு வளர்ப்பு, சுய உதவிக் குழுக் கடனில் செய்த சிறு தொழில் என்று எது இருந்தாலும் அதற்கான ஆதாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயை இழந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே தொகை உண்டு. அவர்கள் சிறுவர்களாக இருந்தால் அவர்களுடைய பங்கைத் தீர்ப்பாயம் வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கச் சொல்லும்.

கேள்வி: மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டது. எண்ணை யாரும் பார்க்கவில்லை. இனி எங்களுக்கு எந்த வழியும் இல்லையா? — ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வழி இருக்கிறது, தொகைதான் சிறியது. வாகனம் கண்டுபிடிக்கப்படாத விபத்தில் மரணம் நேர்ந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி 2 லட்ச ரூபாய் கிடைக்கும். விண்ணப்பத்தை வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் அனுமதி வழங்கப்படும். இந்தத் திட்டம் இருப்பதே மக்களுக்குத் தெரிவதில்லை என்பதால், ஒரு மாதத்துக்குள் வாகன விவரம் கிடைக்காவிட்டால் இறந்தவரின் குடும்பத்துக்குக் காவல் நிலையமே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு அது. பின்னர் வாகனம் கண்டுபிடிக்கப்பட்டால் முழு இழப்பீடு கேட்கலாம். அப்போது இந்த 2 லட்சத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: ஓட்டியவருக்கு நள்ளிரவு வரை மது ஊற்றிக் கொடுத்த பார் மீதோ, டாஸ்மாக் மீதோ வழக்குப் போட முடியாதா? — ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள கோபத்தில் நானும் பங்குகொள்கிறேன். ஆனால் போதையில் இருப்பவருக்கு மேலும் மது விற்றவர், அவரால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தனியாக விதிக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. பொதுவான உரிமையியல் வழக்கு தொடுக்கலாம் என்றாலும் அது நீண்டதும் வெற்றி நிச்சயமில்லாததுமான பாதை. கணவரையோ பிள்ளையையோ இழந்து நிற்கும் ஒருவருக்கு அதை நான் முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். அனுமதிக்கப்பட்ட நேரத்தைக் கடந்தோ அனுமதியில்லாமலோ மது விற்கப்பட்டிருந்தால் மாவட்ட ஆட்சியரிடமும் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவிடமும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கடையின் சிசிடிவி காட்சி குற்ற வழக்கில் சான்றாகும் என்பதால் அந்தப் புகார் வீண்போகாது.

கேள்வி: குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார். என் தம்பி பாதசாரிகள் கடக்கும் இடத்தில் கடக்கவில்லை என்றும் காப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. இழப்பீட்டு வழக்கு தோற்றுவிடுமா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: விடுதலை என்பதால் மட்டும் தோற்காது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பதே போதும். தமிழ்நாட்டில் ஒரு பேருந்து உயர் அழுத்த மின்கம்பியில் பட்டதால் நேர்ந்த விபத்து பற்றிய கருமாய் அம்மாள் வழக்கில், குற்ற வழக்கில் கிடைத்த விடுதலை இழப்பீட்டைத் தடுக்காது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தம்பியின் மீது பழி சுமத்துகிறவர்களே அதை நிரூபிக்க வேண்டும். அந்த இடத்தில் கடக்கும் கோடு இருந்ததா, எவ்வளவு தொலைவில் இருந்தது, விளக்கு எரிந்ததா என்பதைப் படங்களோடு பதிவு செய்யுங்கள். ஓரளவு தவறு அவர் மீதும் இருந்ததாகத் தீர்ப்பாயம் கருதினால், அந்த அளவுக்குத் தொகையில் ஒரு பங்கு கழிக்கப்படும். மனு முழுவதும் தள்ளுபடியாகாது. குற்ற வழக்கின் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் உங்கள் குடும்பத்துக்கு உண்டு. அதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருப்பதால் தீர்ப்பு நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்த எங்கள் ஒரே மகன் (24, திருமணமாகாதவர்) குடிபோதையில் ஓட்டிய கார் மோதி இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மனம் உடைந்து கிடந்ததில் எதுவும் செய்யவில்லை. ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறார்கள். வழக்குக்காகப் பெங்களூர் போய்வரவும் வழக்கறிஞருக்குக் கொடுக்கவும் எங்களிடம் வசதி இல்லை. 'வரும் தொகையில் 30 விழுக்காடு கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன்' என்று ஒருவர் சொல்கிறார். — ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, உங்களுக்கும் உங்கள் துணைவியாருக்கும் என் ஆழ்ந்த இரங்கல். எட்டு மாதம் ஆகிவிட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு ஆறு மாத வரம்பை விதிக்கிறது என்பது உண்மைதான். அந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளன. அவை முடியும்வரை, காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆகவே இன்னும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். இடைக்கால உத்தரவு எந்த நாளிலும் மாறலாம். இதைப் படிக்கும் மற்ற குடும்பத்தினர், இந்த உத்தரவை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள்ளேயே மனுச் செய்துவிட வேண்டும்.

உங்கள் வழக்கில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்கும் காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் கருத வேண்டும் என்று 166(4) சொல்கிறது. பெங்களூர் காவல் நிலையம் அந்த அறிக்கையை அனுப்பியதா, எந்தத் தேதியில் அனுப்பியது என்று கேட்டு எழுதுங்கள். உரிய காலத்தில் அனுப்பியிருந்தால், நீங்கள் தாமதித்தீர்கள் என்ற பேச்சே எழாது.

பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள தீர்ப்பாயம் போதும். மகனுக்குத் திருமணமாகாததால் சொந்தச் செலவாகப் பாதியைக் கழிப்பார்கள். ஆனால் பெருக்கு எண்ணைப் பெற்றோரின் வயதைப் பார்த்து முடிவு செய்யமாட்டார்கள். மகனின் வயதுக்குரிய 18-ஐத்தான் எடுக்க வேண்டும். வருமானத்தில் எதிர்கால உயர்வாக, நிரந்தர வேலை என்றால் 50 விழுக்காடும் இல்லையென்றால் 40 விழுக்காடும் சேரும். பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் உறவிழப்புத் தொகை உண்டு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

30 விழுக்காடு கேட்பவரிடம் எந்த ஆவணத்தையும் கொடுக்காதீர்கள். வழக்கின் முடிவில் வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கு இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளால் தடைசெய்யப்பட்டது. அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் வழக்கறிஞராகவே இருப்பதில்லை. மருத்துவமனை வாசலிலும் காவல் நிலைய வாசலிலும் துக்கத்தில் இருப்பவர்களைத் தேடி வரும் இந்தத் தரகர்களால் எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஆகவே உங்கள் துணைவியார் பெயரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். அந்த அலுவலகமும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைத்தால் போகலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், மேலே சொன்ன முறையில் உங்கள் வழக்கறிஞரிடம் கணக்கைப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகே தலையசையுங்கள்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மகனின் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் பதிவு, காரின் பதிவுச் சான்று, காப்பீட்டு விவரம் ஆகியவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். வாகன எண் தெரிந்தால் காப்பீட்டு விவரத்தைப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கார் வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தாலும் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பெங்களூர் காவல் நிலைய ஆவணங்கள் கன்னடத்தில் இருக்கும் என்பதால் அவற்றின் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். அதற்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தும் வழக்கறிஞரிடமே உதவி கேளுங்கள்.